ஜலதோஷக்காரரை எங்கிருந்து கேட்பது?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நான்கு வருடத்தில் என் கோணல் எழுத்து ஒன்றும் நேராகிவிடவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? லிப்ட் குழிக்குள் குனிந்து குனிந்து வந்த அந்த முதுகு வலி போயிற்றா? இங்கே நாட்கள் ஓடுகின்றன. உன் அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன், சிரிக்காதே. உங்கள் இரண்டு பேருக்கும் உயிரான அந்தப் பாடகரை நானும் கேட்கலாம் என்றிருக்கிறேன். மூக்கால் பாடுகிறாரே என்று கல்யாணமான முதல் வாரமே அவருக்கு ஜலதோஷக்காரர் என்று பெயர் வைத்தவள் நான்தான். பத்தொன்பது வருடம் அவர் பாடத் தொடங்கினால் சமையலறைக் கதவைச் சாத்தியவளும் நான்தான். இப்போது ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அலமாரியில் அறுபத்தோரு இசைத்தட்டு இருக்கிறது. எனக்குத் தெரிந்தது பஸ்ஸில் போடுகிற இரண்டே பாட்டு. புத்தகம் பைண்டிங் செய்கிறவளுக்கு ஒன்றாம் பக்கத்திலிருந்துதான் தொடங்கத் தெரியும். அதனால் அவருடைய முதல் தட்டைப் போட்டேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. கடல் மாதிரிக் கிடக்கிறது, எந்தக் கரையில் கால் வைப்பது? நீதான் சொல்ல வேண்டும்.

போன் செய்யாதே. கடிதமே போடு. வீட்டுக்கு வேண்டாம், நான் வேலை பார்க்கும் பிரஸ் முகவரிக்கே போடு.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 27

அண்ணிக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். முதுகு வலி என்னோடுதான் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. நீங்கள் சுகம்தானே?

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் மூன்று நாள் வைத்திருந்தேன். அண்ணன் சொல்லி எழுதினீர்களோ என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று தெரிகிறது. நேரடியாகவே சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். என் மனைவி என்னை விட்டுப் போன மூன்றாவது வாரம், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் அண்ணன் சொன்னார்: "உனக்கு எதையும் முழுசாக் கேக்கப் பொறுமை கிடையாதுடா. பாட்டானாலும் சரி, பொண்டாட்டியானாலும் சரி." அந்தச் சோறு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. பாட்டைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் பொறுமைசாலி உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே, அவரையே கேட்கலாமே.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை மூடினேன். முடியவில்லை. முதல் தட்டிலிருந்து யாராவது தொடங்குவார்களா அண்ணி? முதல் பத்துத் தட்டில் அவருக்குத் தன் மூக்கைப் பார்த்து வெட்கம். மற்றவர்கள் மாதிரிப் பாடப் பார்க்கிறார். நாற்பது வயதுக்கு மேல்தான் மூக்கோடு சமாதானம் ஆனார். அங்கே தொடங்குங்கள். பச்சை அட்டை போட்ட தட்டு ஒன்று இருக்கும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நிற்பார். ஒரு ஆர்மோனியம், ஒரு வயலின், அவ்வளவுதான் பக்க வாத்தியம். அதை மூன்று தடவை கேளுங்கள். பிடித்தால் அதற்கு முன்னால் வந்த இரண்டு, பின்னால் வந்த நான்கு. பஸ் பாட்டு இரண்டையும் மறந்துவிடுங்கள். எழுபது வயதுக்கு மேல் பாடிய கடைசி ஐந்து தட்டையும் தொடவே வேண்டாம். மூச்சு போய்விட்டது, பாவம். அதற்கு முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனசு லேசாயிற்று. முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, அலட்சியம் செய்யாதே.

பச்சை அட்டையைப் போட்டேன். கதவைச் சாத்தாமல் கேட்டேன். மூன்றாவது பாட்டு வந்தபோது வீடே தலை நிமிர்ந்த மாதிரி இருந்தது. நீ சொன்னது சரி, நாற்பது வயசு ஜலதோஷம் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னும் சில கேள்வி. எந்தத் தட்டில் வார்த்தைகள் நிதானமாக, ஒவ்வொன்றாக வரும்? ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிற பாட்டு எது? சின்ன வயசில் நீங்கள் இரண்டு பேரும் கூடச் சேர்ந்து பாடியது எதை? உன் அண்ணனுக்கு எந்தப் பாட்டு, தட்டு இல்லாமலே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்?

மேஜையில் நடந்ததை நான் மறக்கவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குழம்பைப் பரிமாறிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், கேட்கிறது. நீங்கள் பைண்டிங் ஊசியால் விரலைக் குத்திக்கொள்ளாமல் இருக்கிறீர்களா?

கேள்வி கேட்கிறீர்களா, பரீட்சை வைக்கிறீர்களா? பதினைந்து மாடி லிப்டுக்குக் கயிறு மாற்றிக்கொண்டே நாள் முழுக்க யோசித்தேன்.

நிதானமாக வருவதென்றால் பச்சைக்கு அடுத்த வருடம் வந்த இரண்டும். வழக்கமாகக் கேட்கிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள், தூக்கம் வருகிறது என்று. தூக்கம் இல்லை அது, ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

ஆனால் நாங்கள் சேர்ந்து பாடியது அதெல்லாம் இல்லை. வழிப்போக்கன் பாட்டு என்று ஒன்று. "ஒரு வாய்த் தண்ணி குடு, ஊர் போயிச் சேரணும்" என்று திரும்பத் திரும்ப வரும். அப்பா குளியலறைக் கதவைத் தட்டும்வரை உள்ளே நின்று பாடுவோம். அண்ணன் மேல் குரல், நான் கீழ்க் குரல். அவருக்கு எனக்கு முன்னால் மீசை வந்தது. குரல் உடைந்த மாதம் மட்டும் நான் மேல், அவர் கீழ். அவரைத் தூக்கத்தில் எழுப்பினால் இதைத்தான் பாடுவார். சந்தேகமே வேண்டாம். அந்தத் தட்டு உங்கள் அலமாரியில் இருக்காது. எங்கே என்று கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. இதையெல்லாம் ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்? அண்ணன் என்ன சொல்கிறார்?

தம்பி


மார்ச் 5

அண்ணி,

சுகமா? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

நீங்கள் வேண்டாம் என்றதை மீறிவிட்டேன். வீட்டுக்கு இல்லை, அண்ணனுடைய மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். மூன்று நாள், மூன்று வேளை. யாரும் எடுக்கவில்லை. அவர் குரல் கேட்டால் வைத்துவிடலாம் என்றுதான் செய்தேன். எடுக்காதது பயமாக இருக்கிறது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பி,

இந்த முறை எல்லாம் சுகம் என்று தொடங்க முடியவில்லை. நீ உட்கார்ந்துகொண்டு படி.

நவம்பர் பதினெட்டாம் தேதி, கடையில் ஒருவருடைய கண்ணாடிக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் கையிலிருந்து திருப்புளி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கால் பரவாயில்லை, கோல் ஊன்றி நடக்கிறார். வலது கைக்குப் பிடிமானம் குறைவு. பேச்சுதான் போய்விட்டது. நாம் பேசுவது முழுக்கப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அது... அது..." என்று மட்டும் வருகிறது. மற்ற வார்த்தையெல்லாம் உள்ளே எங்கேயோ பூட்டிக் கிடக்கிறது. கடையை அன்றைக்கு மூடியதுதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தி, நல்லவள். "சில பேருக்குப் பேச்சு வராது, ஆனா பாட்டு வரும். சின்ன வயசுல மனப்பாடமா பாடினதைப் போட்டுப் பாருங்க. பாட்டு வழியா பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுத்துடலாம்" என்றாள். எல்லோருக்கும் இது பலிக்காது என்றும் சொன்னாள். எனக்கு ஒரு பாட்டும் தெரியவில்லை தம்பி. பத்தொன்பது வருடம் கூட இருந்துவிட்டு, அவருக்கு எந்தப் பாட்டு மனப்பாடம் என்று உன்னைக் கேட்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்தினேனே, அதற்கான தண்டனை.

உனக்கு முதலிலேயே சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கோலத்தில் நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவரால் சொல்ல முடியவில்லை. நான் போனில் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் கடிதம்.

பச்சை அட்டையின் மூன்றாவது பாட்டுக்குத் தலை நிமிர்ந்தது வீடு இல்லை, அவர். நிதானப் பாட்டுகளுக்கு முனகுகிறார். வார்த்தை இன்னும் வரவில்லை. நீ எழுதிய வழிப்போக்கன் பாட்டை அலமாரியில் மூன்று முறை தேடினேன். கடைகளிலும் இல்லை என்கிறார்கள். எங்கே என்று கேட்காதே என்றாய். கேட்கிறேன்.

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

தட்டு என்னிடம் இருக்கிறது. அந்த மேஜையிலிருந்து எழுந்து போன அன்று, உங்கள் அலமாரியிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்தேன். அண்ணனுக்குப் பிடித்த எதையாவது எடுத்துப்போனால்தான் ஆறும் போலிருந்தது. ஆறவில்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் போட்டுக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். லிப்ட் கதவுக்குப் போடும் ரப்பர் பட்டையை நாலு பக்கமும் சுற்றியிருக்கிறேன், மாடியிலிருந்து போட்டாலும் உடையாது. இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு. முதலில் அவர் சும்மா கேட்கட்டும். "ஒரு வாய்" என்று வரும் இடத்தில் நீங்கள் கூடப் பாடுங்கள். உங்கள் குரலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

எங்கள் வேலையில் முதல் நாளே ஒன்று சொல்லித்தருவார்கள். நடுவில் நின்றுபோன லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், மேலிருந்து நாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்." உள்ளேயிருந்து பதில் வராவிட்டாலும் நிறுத்தக் கூடாது. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அதைச் செய்திருக்கிறேன். என் அண்ணனுக்குச் செய்யவில்லை.

தட்டை நான் அனுப்பினேன் என்று சொல்லாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் தாங்க ஆள் இல்லை.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு நூறு ஆயுசு! நீ நன்றாக இருக்க வேண்டும்.

பார்சல் உடையாமல் வந்தது. ரப்பரை வெட்டப் பிரஸ்ஸிலிருந்து கத்தி கொண்டுவர வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டைப் போட்டேன். முதல் தடவை சும்மா இருந்தார். இரண்டாம் தடவை உதடு அசைந்தது. மூன்றாம் தடவை நானும் பாடினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது. "ஒரு வாய்த் தண்ணி குடு" வந்ததும், பயிற்சி அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒலியைச் சட்டென்று குறைத்தேன்.

"ஊர் போயிச் சேரணும்."

நான் இல்லை தம்பி. ஜலதோஷக்காரரும் இல்லை. உன் அண்ணன். ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று. பாடிவிட்டு, யார் பாடியது என்பது போல அவரே திரும்பிப் பார்த்தார்.

இதைவிடப் பெரிசு சாயங்காலம் நடந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து பாட்டு: "ஒரு வாய்த் தண்ணி குடு." தட்டு ஓடவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார். நிஜமாகவே தாகம்! நாலரை மாதத்தில் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். அவசரத்தில் தம்ளர் கிடைக்காமல் குடத்தோடு தூக்கிக்கொண்டு போனேன். மூன்று தம்ளர் குடித்தார். கடைசி இரண்டும் எனக்காகக் குடித்திருப்பார்.

நீ சொல்லாதே என்றாய், நானாகச் சொல்லவில்லை. ஆனால் அட்டையில் ஜலதோஷக்காரருக்கு நீ சின்ன வயசில் பேனாவால் தாடி வரைந்துவைத்திருக்கிறாயே, அதை மறந்துவிட்டாயா? அட்டையைக் கையில் வாங்கியவர், கோலை ஊன்றிக்கொண்டு அலமாரிவரை நடந்தார். தட்டுகளுக்கு நடுவில் இருந்த காலி இடத்தில் விரலை விட்டுக் காட்டி, என்னைப் பார்த்தார். "ஆமா, அவன்தான் எடுத்துட்டுப் போனான். அவன்தான் அனுப்பினான்" என்றேன். அட்டையைக் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதும் மடியில் இருந்தது.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

மொட்டை மாடி மெஷின் ரூமில், மோட்டார் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு "தண்ணி கேட்டுட்டாரு!" என்று கத்தினேன். கூட வேலை செய்கிறவர் அவருடைய பாட்டிலை எடுத்து நீட்டினார்.

எனக்கு வர வேண்டும் அண்ணி. ஆனால் உங்கள் கையைப் பிடித்துத் தடுத்தவர் அவர். அவருக்கு இஷ்டம் இல்லாமல் வந்து நிற்க மாட்டேன். கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றாலும் அதையும் எழுதுங்கள்.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம். தாமதத்துக்குக் கோபிக்காதே, உன் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

இங்கே இப்போது எல்லாம் பாட்டில்தான். அதே மெட்டில் "ஒரு வாய்க் காப்பி குடு", "அந்த ஃபேனைப் போட்டு விடு". பயிற்சி அம்மா மெட்டை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுகிறாள். நாங்கள் தையலைப் பிரிப்போமே, அந்த மாதிரி, தாள் கிழியாமல். பாதி பாட்டு, பாதி பேச்சு. வீட்டில் நாடகம் நடப்பது போல இருக்கிறது.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். தொடாதே என்று நீ சொன்ன கடைசி ஐந்து தட்டையும் தொட்டுவிட்டேன். மூச்சு போய்விட்டது என்றாய். ஆமாம், நடு வரியில் நின்றுவிடுகிறார். வயலின் அவருக்காகக் காத்திருக்கிறது. பிறகு வார்த்தை வருகிறது. தம்பி, அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இப்போதெல்லாம் நானாகப் போட்டுக் கேட்பது அவற்றைத்தான். உன் வரிசை உனக்கு, என் வரிசை எனக்கு. கடைசிப் பக்கத்திலிருந்து புத்தகத்தைப் பிரித்தவள் என்று வைத்துக்கொள்.

நேற்று அவரைக் கேட்டேன். "உங்க தம்பி வரணுங்கறான். வரச் சொல்லட்டுமா?"

அவர் யோசிக்கும்போது நாம் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது பயிற்சி அம்மாவின் கட்டளை. எனக்கு இருப்பதிலேயே கஷ்டம் அதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டுத் தாளை மடித்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும்.

"வரட்டும்."

மெட்டு இல்லை. ராகம் இல்லை. சாதாரணப் பேச்சு. எனக்கு நம்பிக்கை வராமல், "என்னது?" என்றேன். எத்தனை தடவை சொல்வது என்கிற மாதிரி முறைத்துவிட்டு, இன்னும் சத்தமாகச் சொன்னார்: "வரட்டும்!"

பாட்டு இல்லாமல் வந்த முதல் வார்த்தை. கிளம்பி வா. முன்னறையில் கட்டில் போட்டுவிட்டேன்.

அண்ணி


ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்ததை ரயிலிலேயே சாப்பிட்டுவிட்டேன். அண்ணன் சுகமா? இந்த வாரம் பயிற்சிக்குப் போனாரா?

கடைசி நாள் சனிக்கிழமை, நீங்கள் பிரஸ்ஸுக்குப் போன பிறகு நடந்ததை அவர் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "அன்னிக்கு... நான்..." என்று தொடங்கி நின்றுவிட்டார். எந்த அன்றைக்கு என்று எனக்குத் தெரியும். 'அதெல்லாம் விடுண்ணே' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருந்தீர்களே, காத்திருந்தேன். காப்பி ஆறிப் போயிற்று.

"தப்பு" என்றார்.

"நானும் தப்புத்தான்ணே. ஒரு போன் பண்ணியிருக்கணும்" என்றேன். அவ்வளவுதான் அண்ணி. நான்கு வருடம் சுமந்தது, இறக்கிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம்.

பிறகு அவர் கடைச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். ஷட்டரைத் தூக்க நான் எண்ணெய் போட வேண்டியிருந்தது. உள்ளே ஏழு மாதத் தூசி. அண்ணன் இடது கையால் எழுத்துப் பலகையைத் துடைத்தார். என்னை நாற்காலியில் தள்ளி உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டினார். ஒவ்வொரு வில்லையாக மாற்றினார். "இதுவா, அதுவா?" என்று கேட்பதற்குப் பதில் ஒரு புருவம். நான் "முன்னதுதான்" என்றால் தலையாட்டல். கடைசியில் சீட்டில் எண்ணை எழுதிவிட்டு, "நாப்பத்...திரண்டு... வயசு. லேட்டு" என்றார். நான் இத்தனை நாள் லிப்ட் பலகையில் எண்களைக் குத்துமதிப்பாகத்தான் படித்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் ஒரு டீச்சர் உள்ளே வந்தார். கையில் கால் ஒடிந்த கண்ணாடி. "அப்பாடா, திறந்துட்டீங்களா! எத்தனை தடவை வந்து பூட்டைப் பாத்துட்டுப் போனேன். எப்ப திறந்தீங்க?" என்றார்.

அண்ணன் முகம் மாறியது. அறிமுகமானவர் முன்னால் பேசுவது இதுதான் முதல் தடவை என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் பதிலாக நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். டீச்சர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். தெருவில் ஒரு வண்டி போய் முடிந்தது.

"இன்...னிக்கு" என்றார் அண்ணன். "இன்னிக்குத்தான்."

"அப்ப சரி. நான் இருந்து வாங்கிட்டே போறேன்" என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு திருப்புளியை என்னிடம் நீட்டினார். நான் திருகை முடுக்கினேன்.

அன்புடன்,
தம்பி